புதுச்சேரியின் பிராங்கோ-தமிழ் வீடு என்றால் என்ன?

கீழ்த்தளம் தமிழ் வீடு, மாடி பிரெஞ்சு பாணி. இரண்டும் ஒரே கட்டடத்தில் சேர்ந்திருப்பதைத்தான் புதுச்சேரியில் பிராங்கோ-தமிழ் வீடு என்கிறார்கள். அந்தக் காலத்து வக்கீல்கள் வேட்டி கட்டி, மேலே கோட்டு போட்டுக்கொண்ட மாதிரி.

சரி, ஏன் இப்படி? பழைய தமிழர் தெருக்களில் வீடுகள் பக்கச் சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும். பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழியில்லை. அதனால்தான் நடுவில் முற்றம். வெளிச்சம் அதன் வழியாக இறங்கும், சூடான காற்று அதன் வழியாகவே மேலேறிப் போகும். தெருப்பக்கம் திண்ணை, அதற்கு முன்னால் மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம். வழிப்போக்கர்கூட வெயிலுக்கு ஒதுங்கலாம். நம் வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு கிடையாது. அதனால் கீழ்த்தளம் அப்படியே இருந்தது. பிரெஞ்சு நாகரிகம் மாடிக்குப் போனது. வளைவு ஜன்னல்கள், சுதை வேலைப்பாடு, தட்டையான மொட்டை மாடி.

நல்ல உதாரணம், 1730களில் எழுந்த ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை. பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர் அவர். 1736 முதல் எழுதிய நாட்குறிப்புக்காக இன்றும் பேசப்படுகிறார். கீழே முற்றத்தைச் சுற்றி நுணுக்கமாகச் செதுக்கிய மரத்தூண்கள். படியேறினால் ஐரோப்பிய பாணியில் கட்டி எழுப்பிய பூச்சுத் தூண்கள்.

இவையெல்லாம் பிரெஞ்சுக்காரர்கள் தங்களுக்குக் கட்டிக்கொண்ட வீடுகள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அவர்கள் வீடுகள் ஊரை இரண்டாகப் பிரிக்கும் கால்வாய்க்குக் கிழக்கே, கடல் பக்கம், உயர்ந்த மதிலோடு இருக்கும். இவை மேற்கே தமிழர்கள் தாங்கள் வாழக் கட்டிக்கொண்டவை.