கயிறும் கையெழுத்தும்

கேள்வி: பெண்ணைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டு ஒரு ஜப்பான்காரர் எடுத்த படங்களை மியூசியத்தில் மாட்டி 'கலை' என்கிறார்கள். நம்மூர்க்காரர் செய்தால் போலீஸ் வராதா?

பதில்: நோபுயோஷி அராக்கியைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். போலீஸ் அவரிடமும் போனது. 1990களில் ஆபாச வழக்கில் அபராதம் கட்டியவர்தான் அவர், ஆக அந்தப் பொருமல் வேண்டாம்.

இந்தக் கட்டுக்கு கின்பாகு என்று பெயர், இறுகக் கட்டுதல் என்று அர்த்தம். ஜப்பானின் எடோ காலத்தில் (1603–1868) கைதிகளைக் கட்டிய வித்தைதான் இதற்கு வேர். அதைக் காமத்தின் பக்கம் திருப்பியவர்களில் முக்கியமானவர் ஓவியர் இட்டோ செய்யு (1882–1961), கர்ப்பிணி மனைவியையே தலைகீழாகத் தொங்கவிட்டுப் படமெடுக்க வைத்த மகானுபாவர்.

வேலைப்பாடு இருக்கிறதா என்றால், சரி, இருக்கிறது. சணல் கயிறு, சுமார் 6 மில்லிமீட்டர் தடிமன், ஏழெட்டு மீட்டர் நீளம். அதை இரண்டாக மடித்து மடிப்பிலிருந்து கட்டத் தொடங்குவார்கள். ஒற்றையாகச் சுற்றினால் சதையை அறுக்கும், இரட்டையாகச் சுற்றினால் பாரம் பரவும். மேல்கையில் ஒரு நரம்பு எலும்பை ஒட்டியே ஓடுகிறது, கயிறு அங்கே அழுத்தினால் மணிக்கட்டு துவண்டு போகும், அப்புறம் வாரக்கணக்கில் ஒரு டம்ளரைக்கூட ஒழுங்காகப் பிடிக்க முடியாது, அதனால் விவரமானவர்கள் கத்தரிக்கோல் பக்கத்தில் இல்லாமல் கயிற்றைத் தொடுவதில்லை.

அராக்கி படங்களில் என்னைப் பிடித்து நிறுத்தியது முடிச்சு இல்லை, முகம். கிமோனோ குலைந்து அந்தரத்தில் தொங்கும் பெண், ஆர்டர் செய்த காபி இன்னும் வரவில்லையே என்பதுபோல் நேரே கேமராவைப் பார்க்கிறார். பயமும் இல்லை, மயக்கமும் இல்லை. பல வருடம் அந்தப் பார்வையைச் சம்மதம் என்றே நானும் எடுத்துக்கொண்டேன்.

2018இல், அராக்கிக்குப் பதினைந்து வருடம் மாடலாக இருந்த ஒரு பெண் வாய் திறந்தார். ஒப்பந்தம் என்று எதுவும் போட்டதில்லை, தன் படங்கள் எங்கே எப்படி வெளியாகின்றன என்று தன்னிடம் கேட்டதில்லை, பல சமயம் காசும் தந்ததில்லை என்று எழுதினார். இத்தனைக்கும் கலைஞருக்கு ஊக்கம் தரும் தேவதை என்று கொண்டாடப்பட்டவர்! கயிற்றைப் பிடிக்க இத்தனை விதி இருக்கிறது, ஒரு தாளில் கையெழுத்து வாங்க விதி இல்லை.

கலையா என்றால், கலைதான். ஆனால் உங்கள் கேள்வியில் படமெடுத்தவர் இருக்கிறார், மாட்டிய மியூசியம் இருக்கிறது, போலீஸ்கூட இருக்கிறது. தொங்கியவருக்கு என்ன கொடுத்தார்கள் என்று நீங்களும் கேட்கவில்லையே.