தாய்ப்பால்: பினாங்கு அம்மாக்கள் கேட்டவை

அரசாங்க கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

பிள்ளை பிறந்து இரண்டு நாள். பால் துளித்துளியாகத்தான் வருகிறது. மாமியார் சீனித் தண்ணீர் கொடுக்கச் சொல்கிறார். (பட்டர்வொர்த்)

வேண்டாம்மா. இப்போது வருவது சீம்பால். அளவு குறைவுதான், ஆனால் இந்த வயிற்றுக்கு அது போதும். சீனித் தண்ணீர் பசியை அடக்கிவிடும். பிள்ளை சப்புவது குறையும், பால் ஊறுவதும் குறையும். ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை கொடுங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு தினமும் ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் போனால் பால் போதுகிறது என்று அர்த்தம். பிள்ளை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ மஞ்சளாகத் தெரிந்தாலோ அன்றைக்கே கிளினிக்குக்குத் தூக்கிப் போங்கள். மாமியாரையும் கூட அழைத்துப் போங்கள். தாதி சொன்னால் கேட்பார்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. லீவு முடியப் போகிறது. தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதுதானா அக்கா?

நிறுத்தாதீர்கள் தங்கச்சி. 2023 ஜனவரியிலிருந்து பிரசவ விடுப்பு 98 நாள். முன்பு 60 நாள்தான். ஆனால் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள் என்கிறோம். மிச்சம் கிட்டத்தட்ட மூன்று மாதத்துக்கு யார் பொறுப்பு? பால் எடுக்க இடைவேளை தரவேண்டும் என்று நம் வேலைச் சட்டம் சொல்லவில்லை. எனக்கு இது பெரிய ஆதங்கம்.

அதனால் லீவு முடியும் முன்பே மேலாளருக்கு எழுதிக் கேளுங்கள்: மூன்று மணிக்கொருமுறை கொஞ்ச நேரம், தாழ்ப்பாள் உள்ள அறை, ஒரு பிளக், ஐஸ்பெட்டியில் சின்ன இடம். கழிப்பறையைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அது சாப்பாடு தயாரிக்கும் இடமில்லை. மற்ற அம்மாக்களையும் சேர்த்துக் கேட்டால் தட்டிக்கழிப்பது கடினம். பிள்ளைக்கு நோய் குறைந்தால் அம்மா எடுக்கும் அவசர லீவும் குறையும், இதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

எடுத்த பால் அறையில் 4 மணி நேரம், ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் 4 நாள் தாங்கும். நம்ம ஊர் வெயிலுக்கு ஐஸ் பேக் வைத்த பையில் உடனே வைத்துவிடுவதே நல்லது. வீட்டில் இருக்கும்போது, முக்கியமாக இரவில், நேரடியாகக் கொடுங்கள். பால் சுரக்கவைக்கும் ஹார்மோன் இரவில்தான் அதிகம்.

கணவன் என்ன செய்ய முடியும்?

பம்ப் கழுவுங்கள், சமையுங்கள், பிள்ளையை ஏப்பம் விட வையுங்கள். தகுதி இருந்தால் சம்பளத்தோடு 7 நாள் விடுப்பு உண்டு, கேட்டு வாங்குங்கள்.

இது வீட்டு விஷயம். ஊருக்கு என்ன?

தாய்ப்பால் குடிக்காத பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கும் நுரையீரல் தொற்றும் கூடுதல். படுக்கை நிறைவது அரசாங்க மருத்துவமனையில். 1939-லேயே டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் சிங்கப்பூரில், இனிப்பு டின்பாலைக் குழந்தை உணவென்று விற்பதைக் கடுமையாகக் கண்டித்துப் பேசினார். பால்மாவு விளம்பரத்துக்கு உலக அளவில் விதிமுறை வந்தது 1981-ல்தான். தாய்ப்பாலுக்காக உலகெங்கும் வேலை செய்யும் வாபா அமைப்பின் தலைமையகம் நம் பினாங்கில்தான் இருக்கிறது.

எனக்குப் பால் வரவே இல்லை. பால்மாவுதான். குற்றவுணர்வாக இருக்கிறது.

உங்கள் மேல் தப்பில்லைம்மா. டின்னில் போட்டிருக்கும் அளவுப்படியே கலக்குங்கள். மாவு சீக்கிரம் தீர்கிறதே என்று தண்ணீரைக் கூட்டாதீர்கள்.