ஆளுநர் உரையை எழுதுவது யார்? சட்டமன்றத்தின் முதல் நாட்கள் பற்றிச் சில கேள்விகள்

தேர்தல் முடிந்து பேரவை முதன்முதலாகக் கூடும்போது சபாநாயகரே இருக்க மாட்டாரே, யார் நடத்துவார் ஐயா?

அதற்காகவே ஒரு தற்காலிகப் பேரவைத் தலைவரை ஆளுநர் நியமிப்பார். பெரும்பாலும் மூத்த உறுப்பினர் ஒருவர். 2021 மே 11-ல் கு. பிச்சாண்டிதான் அந்த இருக்கையில் இருந்து உறுப்பினர்களுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். மறுநாள் அப்பாவு போட்டியின்றிச் சபாநாயகர் ஆனார். கொரோனா காலம் என்பதால் கோட்டையில் இல்லை, கலைவாணர் அரங்கத்தில். புதிய சபாநாயகரை அவை முன்னவரும் எதிர்க்கட்சித் தலைவரும் அழைத்துப்போய் இருக்கையில் அமர வைப்பது வழக்கம். ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் சிரித்த முகமாக நிற்கும் காட்சி, படமெடுக்கிறவர்கள் அதைத் தவறவிடுவதில்லை.

பிரமாணம் எடுக்காமலே ஒருவர் அவையில் போய் உட்கார்ந்துவிட்டால்?

அபராதம். நாள் ஒன்றுக்கு 500 ரூபாய், அரசியல் சட்டத்தின் 193-வது பிரிவு. 1950-ல் அது பெரிய தொகை!

ஆளுநர் உரையில் அவருக்குப் பிடிக்காத வரி இருந்தால் விட்டுவிட்டுப் படிக்கலாமா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். உரையை எழுதுவது அமைச்சரவை. "எனது அரசு" என்று ஆளுநர் வாசிக்கிறார், அவ்வளவே. 176-வது பிரிவு அவர் உரையாற்ற வேண்டும் என்கிறது. திருத்தி வாசிக்கும் உரிமை என்று தனியாக எதையும் அது தரவில்லை.

2023 ஜனவரி 9-ல் ஆர்.என். ரவி "திராவிட மாடல்" என்ற சொல்லையும் பெரியார், அண்ணா போன்ற தலைவர்களின் பெயர்களையும் விட்டுவிட்டுப் படித்தார். அச்சடித்த உரை மட்டுமே அவைக்குறிப்பில் ஏறட்டும் என்று முதல்வர் ஸ்டாலின் தீர்மானம் கொண்டுவர, ஆளுநர் எழுந்து போய்விட்டார். 2024-ல் தொடக்க வரிகளோடு நிறுத்திக்கொண்டார். தமிழ் உரையைச் சபாநாயகர் முழுவதுமாக வாசித்தார். 2025-ல் தேசிய கீதத்தைத் தொடக்கத்திலேயே பாடவில்லை என்று படிக்காமலே கிளம்பினார். தமிழ்த்தாய் வாழ்த்தில் தொடங்கி தேசிய கீதத்தில் முடிப்பது நம் பேரவையின் நெடுநாள் மரபு.

என்னைக் கேட்டால், கருத்து வேறுபாடு இருந்தால் அதைக் கோப்பு நிலையிலேயே சொல்லித் தீர்த்துக்கொள்வதுதான் முறை.

ஆளுநரையே அழைக்காமல் கூட்டத்தை நடத்த வழி இல்லையா?

இருக்கிறது, கொஞ்சம் சுற்றுவழி. முதலில் ஒவ்வொரு கூட்டத்தொடருக்கும் ஆளுநர் உரை என்றுதான் இருந்தது. 1951-ல் வந்த முதல் திருத்தம் அதைப் பொதுத்தேர்தலுக்குப் பிந்தைய முதல் தொடர், பிறகு ஆண்டின் முதல் தொடர் என்று குறைத்தது. இதில்தான் சூட்சுமம். பழைய தொடரை முறைப்படி முடிக்காமல் ஒத்திவைத்து மட்டும் வைத்திருந்தால், அடுத்துக் கூடுவது புதிய தொடர் ஆகாது. 2022 மார்ச்சில் தெலங்கானா அரசு இப்படித்தான் ஆளுநர் தமிழிசை உரையாற்றாமலே பட்ஜெட் தொடரை நடத்தியது. அடுத்த ஆண்டு விவகாரம் உயர் நீதிமன்றப் படியேறி, சமரசமாகி, அவர் உரையாற்ற வந்தார்.

உரை முடிந்ததும் எல்லாரும் கலைந்துவிடுகிறார்களே, அன்றைய வேலை அவ்வளவுதானா?

அவையில் அவ்வளவுதான். அப்புறம் அலுவல் ஆய்வுக் குழு கூடி எத்தனை நாள், என்றைக்கு என்ன என்று முடிவு செய்யும். மறைந்த தலைவர்களுக்கு இரங்கல் தீர்மானம் இருக்கும். பிறகு உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தின் மேல் விவாதம். பெயர்தான் நன்றி, எங்கள் ஊருக்குப் பாலம் எப்போது, கல்லூரி எப்போது என்பதுதான் பாதிப் பேச்சு. ஆனால் அந்தத் தீர்மானம் தோற்றால் அரசுக்குப் பெரும்பான்மை இருக்கிறதா என்ற கேள்வி உடனே எழும்.

டிவியில் பார்த்தால் பாதி இருக்கை காலி. எத்தனை பேர் இருந்தால் போதும்?

பத்தில் ஒரு பங்கு, குறைந்தது 10 பேர். நம் 234-க்கு 24 பேர். அதற்கும் ஆள் இல்லையென்றால் சபாநாயகர் அவையை நிறுத்திவைக்க வேண்டும், அல்லது ஒத்திவைக்க வேண்டும். பிறகு கட்சிக் கொறடாக்கள் உறுப்பினர்களைத் தேடி ஓட வேண்டியதுதான்.