வேப்பை விடுவது: கடிதம்

வணக்கம் ஐயா,

உப்புவெளியில் ஒரு ஹோட்டலில், வரவேற்புப் பகுதியில் வேலை செய்கிறேன். வயது 24. சிகரட் பழக்கம் எனக்கு இருந்ததில்லை. போன வருடம் சீசன் நேரம், கூட வேலை செய்கிற ஒருவர் வேப் (மின்சிகரட்) ஒன்றைத் தந்தார். மாம்பழ வாசம், இருமல்கூட வரவில்லை. இப்போது கண் விழித்ததும் கை தலையணைக்குக் கீழேதான் போகிறது. சில தடவை விட்டுப் பார்த்தேன். இரண்டாம், மூன்றாம் நாளில் எரிச்சல் தாங்காமல் திரும்ப வாங்கிவிடுகிறேன். அம்மாவுக்குத் தெரியாது. எனக்கு மன உறுதி இல்லை என்று நினைக்கிறேன். ஆசை வரும்போது என்ன செய்வது? கொஞ்ச நாளைக்குச் சிகரட்டுக்கு மாறினால் விடுவது சுகமாக இருக்குமா?

எம்., திருகோணமலை

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். மாற வேண்டாம். சிகரட்டிலும் இதே நிக்கொட்டின்தான் இருக்கிறது. அதோடு எரிகிற புகையிலையின் தாரும் கார்பன் மொனொக்சைட்டும் சேர்ந்து வரும். விட வேண்டிய பழக்கம் இரண்டாகிவிடும்.

மன உறுதி இல்லை என்று எழுதியிருப்பதை நான் ஏற்கமாட்டேன். நீங்கள் திரும்ப வாங்கியது எந்த நாட்களில் என்று பாருங்கள். நிக்கொட்டினை நிறுத்தியவரின் உடம்பு அதிகம் படுத்துவதே இரண்டாம், மூன்றாம் நாளில்தான். இரத்தத்தில் உள்ள நிக்கொட்டின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். நாள் முழுக்க இழுத்துப் பழகிய மூளையில் அதை வாங்கிக்கொள்ளும் இடங்கள் பெருகியிருக்கும். அவற்றுக்கு ஒன்றும் கிடைக்காதபோது எரிச்சல், தூக்கமின்மை, பசி, ஒன்றிலும் மனம் நிற்காமை எல்லாம் வரும். மூன்றாம் நாளுக்குப் பிறகு இது இறங்கத் தொடங்கும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்கிவிடும். மேட்டின் உச்சி வரை ஏறிப்போய், இறக்கம் தொடங்கும் இடத்தில் திரும்பி வந்திருக்கிறீர்கள்.

வேப் ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறது? சிகரட் எரிந்து முடியும். வெளியே போக வேண்டும், கை மணக்கும், அடுத்ததைப் பற்றவைக்க ஒரு யோசனை வரும். வேப்புக்கு முடிவு என்று ஒன்று இல்லை. மேசைக்குக் கீழே, குளியலறையில், படுக்கையில் என்று எங்கும் இழுக்கலாம். இப்போது வருகிற பலவற்றில் நிக்கொட்டின் உப்பு வடிவில் இருக்கிறது. அது தொண்டையைக் காறாது, உங்களுக்கு இருமல் வராததற்கு அதுதான் காரணமாக இருக்கும். 5% என்று போட்டிருந்தால் ஒரு மில்லிலீட்டரில் சுமார் 50 மில்லிகிராம் என்று கணக்கு. ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் உச்சம் 20. இலங்கையில் இவற்றின் விற்பனைக்கே தடை. கள்ளமாக வருகிற பொருளின் லேபிளை நம்பவும் முடியாது.

வேப்புக்கு முடிவு இல்லை என்பதால், விடுவதற்கு முன் ஒரு வாரம் நீங்களே அதற்கு எல்லை போடுங்கள். படுக்கையில் இல்லை, வீட்டுக்குள் இல்லை, மேசையில் இல்லை. இழுப்பதென்றால் எழுந்து வெளியே போய் நின்றுதான். காலையில் முதல் இழுப்பை அரை மணி தள்ளுங்கள், பிறகு ஒரு மணி. அப்புறம் டியூட்டி ரோஸ்டரைப் பார்த்து நாள் குறியுங்கள். இரண்டாம், மூன்றாம் நாள் உங்கள் லீவு நாட்களில் விழ வேண்டும். ஹோட்டல் நிறைந்து வழிகிற வாரம் வேண்டவே வேண்டாம். முதல் நாள் இரவே கருவி, சார்ஜர், பாதி தீர்ந்தது எல்லாம் வீட்டை விட்டுப் போய்விட வேண்டும். ஆத்திரத்தில் கடலில் எறிந்துவிடாதீர்கள், உள்ளே லித்தியம் பற்றரி இருக்கிறது. விற்கிறவரின் நம்பரையும் போனிலிருந்து அழியுங்கள்.

ஆசை வரும்போது அது முடிவே இல்லாதது போலத் தெரியும். ஆனால் ஒரு வேகம் சில நிமிடங்கள்தான். மணிக்கூட்டைப் பாருங்கள், உங்களுக்கே தெரியும். அந்த நேரம் இருந்த இடத்திலேயே இருந்து அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் ஐந்து நிமிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எழும்புங்கள். குளிர்ந்த தண்ணீர் குடியுங்கள், வாயில் ஒரு கிராம்போ இஞ்சித் துண்டோ போடுங்கள். வேகமாக நடப்பது ஆசையை உண்மையிலேயே குறைக்கும். லீவு நாளில் கோட்டைக்குள்ளால், மான்கள் மேய்கிற பாதையில் கோணேசர் கோயில் வரை ஏறி இறங்குங்கள். கடற்கரையில் நண்பர்களோடு பியர் குடிக்கிற வழக்கம் இருந்தால் முதல் மாதம் அந்தப் பக்கம் போகாதீர்கள். பலர் திரும்ப விழுவது அங்கேதான். அப்படியே தவறி ஒரு தடவை இழுத்துவிட்டாலும் எல்லாம் போச்சு என்று புதிதாக வாங்கப் போகாதீர்கள். அடுத்த மணியிலிருந்து தொடருங்கள்.

கண் விழித்ததும் தேடுகிற அளவு என்றால் பிடி கடுமையானது. ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லி, நிக்கொட்டின் சூயிங்கமோ தோலில் ஒட்டுகிற பட்டியோ உங்களுக்குச் சரியா என்று கேளுங்கள். சூயிங்கத்தைச் சாதாரண கம் போல மெல்லக் கூடாது. வாயில் காரம் தெரிகிற வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்குள் ஒதுக்கி வைக்க வேண்டும். அதற்கு முந்திய கால் மணி நேரம் தேத்தண்ணியோ சோடாவோ குடித்தால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. தேத்தண்ணி இல்லாமல் இருக்கமாட்டாத நமக்கு இது முக்கியம். புகையிலை, மதுசாரம் தொடர்பான தேசிய அதிகார சபையின் 1948 என்ற இலக்கத்துக்கும் அழைத்துப் பேசலாம்.

அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், தம்பி. நீங்கள் கேட்காத விஷயம்தான், ஆனாலும் எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. இரண்டு வாரம் வீட்டில் எரிந்து விழுவீர்கள், நித்திரை இல்லாமல் நடப்பீர்கள். காரணம் தெரியாவிட்டால் அவர் வேறு எதையெல்லாமோ நினைத்துப் பயப்படுவார். ஏசுவார், அழவும் கூடும். அதைக் கேட்டுக்கொண்டு, “அம்மா, இதை விடப் போறன், ரெண்டு கிழமை என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கோ” என்று சொல்லுங்கள். மூன்றாம் நாள் காசும் போனும் அவரிடமே இருக்கட்டும். நான்காம் நாள் எனக்கு எழுதுங்கள்.