பழைய ஆட்டக்காரருக்கு எது நியாய விலை?

ஆன்லைன் கேம் எக்ஸ்பான்ஷன்களின் (ஏற்கெனவே உள்ள கேமோடு பிறகு சேரும் பெரிய புதுப் பகுதிகளின்) விலை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். 49.99 டாலர் போன்ற விலைகளைக் கணக்குப் போட வசதியாக 50 என்றே எழுதியிருக்கிறோம்.

கேள்வி: ஒரு கேமை வெளிவந்த நாளிலிருந்து ஆடுகிறேன். அடிப்படை கேமுக்குத் தனி, ஒவ்வொரு எக்ஸ்பான்ஷனுக்கும் தனி என்று பணம் கட்டியவன். இப்போது புது எக்ஸ்பான்ஷனை வாங்கினால் பழையது எல்லாம் கூடவே வருகிறது. நேற்று வந்தவருக்கும் எனக்கும் ஒரே விலை. இத்தனை வருஷம் கூடவே இருந்ததற்கு இதுதான் மரியாதையா? (வாசகர், மதுரை)

பதில்: உங்கள் வருத்தத்தில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. பிரித்துப் பார்ப்போம்.

பழைய பகுதிகளைப் புதியவருக்குச் சேர்த்துக் கொடுப்பதில் தவறில்லை. அவை புதிதாக இருந்தபோது, எல்லோரும் ஒன்றாக ஓடிய நேரத்தில், நீங்கள் ஆடி முடித்துவிட்டீர்கள். அந்தப் பணத்துக்கு உரியது உங்களுக்கு அப்போதே கிடைத்துவிட்டது. பழைய எக்ஸ்பான்ஷன் எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கினால்தான் உள்ளே வர முடியும் என்றால் உங்கள் நண்பர் வரமாட்டார். நீங்கள் குழுவாக ஆடும் டன்ஜனில் ஆள் குறையும். ஃபைனல் ஃபேன்டஸி 14-ல் 2024-ல் வந்த டான்ட்ரெய்ல் 40 டாலர். ஹெவன்ஸ்வர்ட் முதல் எண்ட்வாக்கர் வரை நான்கும் அதற்குள் அடக்கம். அதற்காகப் பழைய ஆட்டக்காரர் யாருக்கும் எதுவும் குறையவில்லை.

அநியாயம் வேறு இடத்தில் இருக்கிறது. அதே பணம் கட்டிய பழையவரின் கைக்குப் புதியவரைவிடக் குறைவாக வந்து சேர்வதுதான் அது. இதற்கு நல்ல உதாரணம் கில்ட் வார்ஸ் 2. 2015 ஜூனில் ஹார்ட் ஆஃப் தார்ன்ஸ் எக்ஸ்பான்ஷனுக்கு முன்பதிவு தொடங்கியது. விலை 50 டாலர், அடிப்படை கேமும் சேர்த்து. எக்ஸ்பான்ஷனோடு ரெவனன்ட் என்ற புது வகுப்பு (கேரக்டரின் போர்ப் பாணி) வந்தது. அதை ஆட ஒரு காலி கேரக்டர் ஸ்லாட் (ஒரு கேரக்டரை வைக்கும் இடம்) வேண்டும். புது அக்கவுண்ட்டில் ஐந்து ஸ்லாட்டும் காலி. 2012-லிருந்து ஆடுபவருக்கும் அதே ஐந்துதான். ஆனால் அப்போதே எட்டு வகுப்புகள் இருந்ததால் பலருக்கு ஸ்லாட் எப்போதோ நிரம்பிவிட்டது. அவர் என்ன செய்வார்? மூன்று வருஷம் வளர்த்த ஒரு கேரக்டரை அழிக்க வேண்டும். இல்லையென்றால் 800 ஜெம், அதாவது 10 டாலர், கொடுத்து ஸ்லாட் வாங்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் ஸ்லாட் சேர்ந்த 75 டாலர் டீலக்ஸ் எடிஷன். ஆக, புதியவர் 50 டாலருக்குச் செய்வதைப் பழையவர் 60 டாலருக்குச் செய்தார். எதிர்ப்பு வலுத்ததும், 2015 ஜனவரி 23-க்கு முன் கேமை வைத்திருந்தவர்கள் எக்ஸ்பான்ஷன் வாங்கினால் ஒரு ஸ்லாட் இலவசம் என்று கேமின் நிறுவனமான அரீனாநெட் அறிவித்தது. நிறுவனத்துக்கு அதனால் பெரிய செலவு இல்லை. முதல் நாளே செய்திருக்கலாம்.

அதே 2015 ஜூனில் டெஸ்டினி கேமின் தி டேக்கன் கிங் எக்ஸ்பான்ஷன் விஷயத்திலும் இதே கதைதான். எக்ஸ்பான்ஷன் மட்டும் 40 டாலர். அடிப்படை கேமும் முந்தைய இரண்டு டிஎல்சியும் (தனியாக வாங்கும் கூடுதல் பகுதிகள்) சேர்த்து 60. சில எமோட்களும் (கேரக்டரின் சைகைகள்) ஷேடர்களும் (கவச நிறங்கள்) 80 டாலர் கலெக்டர்ஸ் எடிஷனில் மட்டும். எல்லாவற்றையும் முன்பே வாங்கியவர் அந்த எமோட்டுக்காக மறுபடி முழு கேமுக்கும் காசு கொடுக்க வேண்டியிருந்தது. பிறகு கேமின் நிறுவனமான பங்கி அவற்றை மட்டும் 20 டாலருக்குத் தனியாக விற்றது. அந்த 20 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்: 80-லிருந்து 60-ஐக் கழித்த மீதி. புதியவர் அந்த அலங்காரப் பொருட்களுக்குக் கொடுக்கும் கூடுதல் தொகையைத்தான் பழையவரும் கொடுக்கிறார். நியாய விலைக்கு இதைவிடத் தெளிவான கணக்கு இல்லை.

எனவே உங்கள் கேமில் இதைச் சரிபாருங்கள்: வாங்கிய முதல் நாளில் புதியவர் செய்யக்கூடிய ஏதாவது ஒன்றை நீங்கள் கூடுதல் பணமோ இழப்போ இல்லாமல் செய்ய முடியவில்லையா? ஆம் என்றால் சப்போர்ட்டுக்கு எழுதுங்கள். ‘விசுவாசத்துக்கு மரியாதை இல்லை’ என்று எழுதினால் பதில் வராது. ‘ஸ்லாட் இல்லாததால் எனக்கு 10 டாலர் கூடுதல் செலவு’ என்று தொகையோடு எழுதுங்கள்.

கேள்வி: மாதாமாதம் சந்தா கட்டுகிறேன். எக்ஸ்பான்ஷனுக்கும் தனியாகக் கேட்பது இரட்டை வசூல் இல்லையா? (வாசகர், திருச்சி)

பதில்: கணக்கு போட்டால் பணம் எங்கே போகிறது என்று தெரியும். ஃபைனல் ஃபேன்டஸி 14-ல் ஷேடோபிரிங்கர்ஸ் 2019 ஜூலையில் வந்தது, எண்ட்வாக்கர் 2021 டிசம்பரில். இடைவெளி 29 மாதம். ஸ்டாண்டர்ட் சந்தா மாதம் 15 டாலர் என்றால் 435. எக்ஸ்பான்ஷன் 40. மொத்தம் 475-ல் எக்ஸ்பான்ஷனின் பங்கு பத்தில் ஒன்றுகூட இல்லை. 10 டாலர் தள்ளுபடிக்காக எக்ஸ்பான்ஷனை ஆறு மாதம் தள்ளிப்போட்டு, அந்த ஆறு மாதமும் சந்தா கட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. சேமிக்க வேண்டிய இடம் சந்தா. பேட்சுகளுக்கு (புதுப்பிப்புகளுக்கு) நடுவே ஆட ஒன்றும் இல்லாத மாதங்களில் நிறுத்துங்கள். ஆனால் அந்த கேமில் உங்களுக்கு வீடு இருந்தால் கவனம்: 45 நாள் வீட்டுக்குள் போகாவிட்டால் வீடு இடிக்கப்படும்.

நிறுவனங்கள் இதைப் பலவிதமாகக் கையாள்கின்றன. ஈவ் ஆன்லைன் எக்ஸ்பான்ஷனுக்குத் தனியாகக் கேட்பதில்லை. ஆனால் 2022-ல் சந்தாவை 15-லிருந்து 20 டாலராக உயர்த்தியது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2018 ஜூலையிலிருந்து பழைய எக்ஸ்பான்ஷன்களைச் சந்தாவிலேயே சேர்த்துவிட்டது, புதியதற்கு மட்டும் விலை. இந்த இரண்டாவது வழியே எங்களுக்குச் சரியாகப் படுகிறது.

கேள்வி: 90 டாலர் எடிஷன் வாங்கினால் மூன்று நாள் முன்பே ஆடலாம் என்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: வேண்டாம். 2024-ல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் தி வார் விதின் 50, 70, 90 என்று மூன்று எடிஷனாக வந்தது. 90-ல் 30 நாள் கேம் டைம் (சந்தா) உண்டு, அதற்கு 15 கழித்துக்கொள்ளுங்கள். மீதி 25 டாலர் வித்தியாசம் மூன்று நாளுக்கும் சில அலங்காரங்களுக்கும். பழைய ஆட்டக்காரரின் அவசரத்தைக் குறிவைத்த விலை இது. கில்டில் (சேர்ந்து ஆடும் குழுவில்) பாதிப் பேர் முன்னாலேயே போய்விட்டால் மீதிப் பேரும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நெருக்கடி. கில்டாகக் கூடிப் பேசி, எல்லோரும் பொது வெளியீட்டு நாளில் தொடங்குவது என்று முடிவெடுங்கள்.

கேள்வி: ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் தள்ளுபடியில் எக்ஸ்பான்ஷன் வாங்கினேன். என் அக்கவுண்ட்டில் சேரவில்லை. பணம் போனதா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: நீங்கள் கேமை நிறுவனத்தின் சொந்தக் கடையில் வாங்கியிருப்பீர்கள். ஃபைனல் ஃபேன்டஸி 14-ல் அடிப்படை கேம் ஸ்டீமில் வாங்கியது என்றால் எக்ஸ்பான்ஷனும் ஸ்டீமிலேயே வாங்க வேண்டும். ஸ்கொயர் எனிக்ஸ் கடை என்றால் அங்கேயே. கில்ட் வார்ஸ் 2 ஸ்டீமுக்கு 2022 ஆகஸ்டில்தான் வந்தது, பழைய அக்கவுண்ட்டை அதோடு இணைக்க முடியாது. பழைய ஆட்டக்காரர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

பணம் பெரும்பாலும் திரும்பும், உடனே கேளுங்கள். ஸ்டீமில் டிஎல்சி வாங்கி 14 நாளுக்குள், வாங்கிய பிறகு மூல கேமை இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ரீஃபண்ட் உண்டு. ஆனால் டிஎல்சியைப் பயன்படுத்தித் தீர்த்திருக்கக் கூடாது. ‘வேறு ஏதாவது வழி இருக்குமோ’ என்று கேமைத் திறந்து வைத்துத் தேடாதீர்கள், அந்த நேரமும் கணக்கில் ஏறும். முன்கூட்டியே ஆடும் வசதியோடு வாங்கியவர்களுக்கும் இதே எச்சரிக்கை: 2024 ஏப்ரலிலிருந்து அந்த நேரத்தையும் ஸ்டீம் இரண்டு மணியில் சேர்க்கிறது.

கேள்வி: என் டெபிட் கார்டில் முதல் மாதச் சந்தா போனது. இரண்டாம் மாதம் ‘டிக்ளைன்ட்’. ஏன்? (வாசகர், சென்னை)

பதில்: 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகப் பிடிக்கும் தொகைக்கு முன்கூட்டியே அனுமதி பதிவாகியிருக்க வேண்டும், பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன் தகவல் வர வேண்டும். இந்த ஏற்பாட்டில் சேராத வெளிநாட்டு நிறுவனம் கேட்டால் வங்கி மறுக்கும். ஆட்டோ ரின்யூவலை அணைத்துவிட்டு ஒவ்வொரு முறையும் நீங்களே கட்டுங்கள், அல்லது 60 நாள் கேம் டைம் கோடு வாங்குங்கள். கோடு உங்கள் அக்கவுண்ட்டின் ரீஜனுக்கு (பிராந்தியத்துக்கு) உரியதா என்று பார்த்து வாங்க வேண்டும். முதல் முறையே மறுத்தால், வங்கி ஆப்பில் கார்டின் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைந்திருக்கும், அதை இயக்குங்கள்.

டாலரில் கட்டினால் வங்கியின் மார்க்அப் (நாணய மாற்றுக் கட்டணம்) உண்டு. 3.5 சதவீதம் என்று வைத்தால் 40 டாலருக்கு 1.40, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 25 சென்ட். ரூபாயில் விலை காட்டும் கடையில் பெரும்பாலும் இது இல்லை. ஸ்டீமில் யுபிஐயிலேயே கட்டலாம்.

கேள்வி: காசு கொடுத்து வாங்கிய எக்ஸ்பான்ஷனையே கேமிலிருந்து எடுத்துவிட்டார்கள். இதுவும் நியாயமா? (வாசகர், சேலம்)

பதில்: இல்லை. டெஸ்டினி 2-ல் 2020 நவம்பரில் பியாண்ட் லைட் வந்தபோது, பணம் கொடுத்து வாங்கிய கர்ஸ் ஆஃப் ஒசைரிஸ், வார்மைண்ட் கதைகளும் செவ்வாய், புதன் போன்ற இடங்களும் நீக்கப்பட்டன. 2022 பிப்ரவரியில் ஃபோர்சேக்கன் கதையும் போனது. கேமின் அளவு பெருத்துவிட்டது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க முடியவில்லை என்று காரணம் சொன்னார்கள். தொழில்நுட்ப ரீதியில் அது உண்மைதான். ஆனாலும் அந்தச் சுமையை வாங்கியவர் தலையில் வைத்தார்கள். இரண்டு வருஷம் ஆடியவருக்கு இழப்பு குறைவு; தள்ளுபடியில் வாங்கி ‘பிறகு ஆடலாம்’ என்று வைத்திருந்தவருக்கு முழு இழப்பு. உரிம ஒப்பந்தத்தில் உள்ளடக்கத்தை மாற்றும் உரிமையை நிறுவனங்கள் எழுதி வைத்திருப்பதால் பிறகு வாதாடுவது கடினம். தொடர் சேவையாக நடக்கும் கேமில் ஆடப்போகும் மாதத்தில் மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: மூன்று பேர் சேர்ந்து சிறிய ஆன்லைன் கேம் ஒன்றை ஸ்டீமில் விற்கிறோம். இரண்டாவது எக்ஸ்பான்ஷன் வருகிறது. பழைய ஆட்டக்காரர்கள் மனம் கோணாமல் எப்படி விலை வைப்பது? (வாசகர், கோவை)

பதில்: பல பொருளைச் சேர்த்து விற்பதில் ஸ்டீமில் ‘பண்டில்’ வேறு, ‘பேக்கேஜ்’ வேறு. பேக்கேஜுக்கு ஒரே விலை. உள்ளே இருப்பதில் பாதி ஏற்கெனவே கையில் இருந்தாலும் முழு விலையும் கேட்கும். பழையவர்களின் கோபம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. பண்டிலை ‘செட்டை நிறைவு செய்’ முறையில் அமைத்தால், இல்லாததற்கு மட்டும் பணம், தள்ளுபடியும் உண்டு. அடிப்படை கேம் 600 ரூபாய், முதல் எக்ஸ்பான்ஷன் 300, புதியது 400, பண்டில் தள்ளுபடி 20 சதவீதம் என்று வையுங்கள். புதியவர் 1,040 கட்டுவார். முதல் இரண்டும் இருப்பவர் 320 கட்டுவார். நீங்கள் எதுவும் சரிபார்க்க வேண்டாம், ஸ்டீமே கழித்துக்கொள்ளும்.

அடிப்படை கேமை இலவசமாகச் சேர்ப்பதானால், அறிவிக்கும் நாளையே கெடு நாளாக வைத்து, அன்று யாரிடம் கேம் இருந்தது என்று அக்கவுண்ட் பட்டியலை எடுத்து வையுங்கள். அறிவிப்புக்கு முந்தைய வாரம் முழு விலை கொடுத்தவர்தான் அதிகம் கொதிப்பார். கடைசி 30 நாளில் வாங்கியவர்களுக்கு எக்ஸ்பான்ஷனையே கொடுத்துவிடுங்கள். உங்கள் அளவில் அது சில டஜன் பேராக இருக்கும்.

பழையவருக்குக் கொடுப்பது, புதியவரிடம் இயல்பாக இருப்பதும் இவரிடம் தீர்ந்துபோனதுமான பொருளாக இருக்கட்டும்: கேரக்டர் ஸ்லாட், பெட்டக இடம். பட்டமும் அலங்கார மேலங்கியும் அதற்கு ஈடாகாது. கேம் நாணயத்தை மொத்தமாக அள்ளிக் கொடுத்தால் சந்தையில் பொருள் விலை ஏறிப் புதியவர் அடிபடுவார். கொடுப்பதை மற்றவருக்கு விற்க முடியாதபடி அக்கவுண்ட்டோடு கட்டிவிடுங்கள். ‘ஐந்து வருஷம் ஆடியவருக்கு 50 சதவீதம்’ மாதிரியான தள்ளுபடியும் வேண்டாம். பழைய அக்கவுண்ட்களை விலைக்கு விற்கும் வியாபாரம்தான் அதில் வளரும்.

விற்பனைப் பக்கத்தில் இரண்டு பத்தி போதும். கேம் இல்லாதவருக்கு என்ன கிடைக்கும், ஏற்கெனவே இருப்பவருக்கு என்ன கிடைக்கும். முன்பதிவு திறக்கும் அதே நேரத்தில் இரண்டும் இருக்க வேண்டும்.