சாவியை ஏன் கொடுக்கவில்லை?

வணக்கம். எனக்கு வயது 66. பணி ஓய்வு பெற்றவன். மனைவி காலமான பிறகு, மகன் சொன்னதற்காகத் தனி வீட்டை விற்றுவிட்டு ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் ஃபிளாட் வாங்கி வந்தேன். "நாலு பேர் இருக்கிற இடம்ப்பா, தனிமையே தெரியாது" என்றான். இங்கே நானூறு பேர் இருக்கிறார்கள். எனக்கென்று ஒருவரும் இல்லை.

சும்மா உட்கார்ந்து குறை சொல்கிறவன் இல்லை நான். புத்தாண்டு அன்று டைரியில் தீர்மானங்கள் எழுதினேன். காலையில் நடைப்பயிற்சிக் குழுவோடு போவது, சங்கக் கூட்டம் எதையும் தவறவிடாதது, யார் உதவி கேட்டாலும் செய்வது. எல்லாவற்றையும் கடைப்பிடிக்கிறேன். சங்கத்தின் வரவு செலவை நான்தான் சரிபார்த்துக் கொடுத்தேன். பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கணக்குச் சொல்லித் தருகிறேன். ஆனால் பொதுக்குழுவில் எல்லோருக்கும் நன்றி சொன்னவர்கள் என் பெயரை மட்டும் விட்டுவிட்டார்கள். நடக்கப் போனால் அவர்களுக்குள்ளேயே பேசிக்கொண்டு முன்னால் போய்விடுகிறார்கள். தண்ணீர் வீணாவது பற்றி வாட்ஸ்அப் குரூப்பில் விரிவாக எழுதினேன், ஒரு பதில் இல்லை. அடுத்த நிமிடம் யாரோ பூனைப் படம் போட்டார், அதற்கு வரிசையாக இதயம்!

எதிர் ஃபிளாட்காரர் இன்னொரு ரகம். "ஏன் சார் நேத்து லைட்டே எரியலை?" என்று விசாரணை. "தனியா இருக்கீங்க, ஒரு டூப்ளிகேட் சாவி எங்ககிட்ட இருக்கட்டுமே" என்று வேறு கேட்டார். அவரோடு எனக்கு அப்படி என்ன பழக்கம்? நாசூக்காக மறுத்துவிட்டேன். தேவையில்லாத இடத்தில் மூக்கை நுழைப்பார்கள், நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் வாய் வராது.

போன மாதம்கூட, இரவில் தலைசுற்றிக் குளியலறையில் விழுந்து, பெரிய அடி ஒன்றுமில்லை, எழுந்திருக்கத்தான் விடியும்வரை ஆகிவிட்டது, போன் சட்டைப் பையில்தான் இருந்தது என்றாலும் அந்த நேரத்தில் யாரைத் தொந்தரவு செய்வது, அதனால் சங்கக் கூட்டத்துக்குக் கொஞ்சம் தாமதமாகப் போனேன். செயலாளர் எல்லோர் முன்னாலும் "சாரே இன்னைக்கு லேட்!" என்று சிரிக்கிறார். கணக்குப் பார்த்துக் கொடுத்தவனுக்கு இதுதான் மரியாதையா? தீர்மானத்தையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு வேறு இடம் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

ஐயா,

உங்கள் பெயரை விட்டது தவறுதான். அதோடு பொதுக்குழுவையும் பூனையையும் செயலாளரையும் விட்டுவிடுகிறேன். கூட்டத்துக்குத் தாமதமானதற்குக் காரணம் சொல்கிற சாக்கில் ஒரு இரவைப் பற்றிச் சொல்லிவிட்டு, நிற்காமல் கடந்து போய்விட்டீர்கள். இந்தக் கடிதம் அந்த இரவைப் பற்றியதுதான் என்று நினைக்கிறேன்.

ஈரத் தரை. பையில் போன். சுவருக்கு அந்தப் பக்கம் நூறு குடும்பங்கள். விடியும்வரை நீங்கள் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டு வராமல் போன ஒருவரைப் பற்றிக்கூட உங்கள் கடிதத்தில் இல்லையே ஐயா. கூப்பிட்டால் வந்திருக்கக்கூடிய ஒருவர் இருக்கிறார். அவரைத்தான் மூக்கை நுழைப்பவர் பட்டியலில் வைத்திருக்கிறீர்கள். மன்னிக்க வேண்டும், இந்த விஷயத்தில் நான் எதிர் ஃபிளாட்காரர் பக்கம். விளக்கு எரியவில்லை என்பதைக் கவனிக்க ஒரு மனிதர் இருப்பதற்காகத்தானே மகன் உங்களை அங்கே குடிவைத்தார்?

உங்கள் தீர்மானங்களை மறுபடி படித்துப் பாருங்கள். வருவேன், செய்வேன், கொடுப்பேன். கேட்பேன் என்று ஒன்றுகூட இல்லை. கொடுத்துக்கொண்டே இருப்பவர் நல்லவர்தான், ஆனால் அவர் எப்போதும் ஒரு படி மேலேயே நிற்கிறார். கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அதிகாரியிடம் வருவதுபோல் உங்களிடம் வருகிறார்கள். வேலை முடிந்ததும் போய்விடுகிறார்கள். அதிகாரியோடு யார் கதை பேசிக்கொண்டு நடப்பார்கள்?

உதவி கேட்டால் மதிப்புப் போய்விடும் என்று நாம் பயப்படுகிறோம். 1969-ல் ஜெக்கர், லாண்டி என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பங்கேற்றவர்கள் போட்டியில் பணம் ஜெயித்தார்கள். அவர்களில் சிலரிடம் மட்டும் ஆய்வாளர், "என் சொந்தப் பணம், தீர்ந்துபோகிறது, திருப்பித் தர முடியுமா?" என்று கேட்டார். கேட்கப்படாதவர்களைவிட, கேட்கப்பட்டவர்களுக்குத்தான் அவரை அதிகம் பிடித்திருந்தது. இருநூறு வருடத்துக்கும் முன்பே அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன்னைப் பிடிக்காத ஒருவரிடம் ஓர் அரிய புத்தகத்தை இரவல் கேட்டு நண்பராக்கிக்கொண்டதாக எழுதியிருக்கிறார். நமக்கு ஒன்றைச் செய்தவருக்கு நம்மேல் ஒரு ஒட்டுதல் வந்துவிடுகிறது. அந்த வாய்ப்பை நீங்கள் யாருக்கும் தந்ததே இல்லை.

கூட்டங்களில் நட்பைத் தேடியதும் சுற்றுவழிதான். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் மாணவர் குடியிருப்பில் உளவியலாளர் ஃபெஸ்டிங்கரின் குழு நடத்திய ஆய்வு 1950-ல் வெளிவந்தது. ஒரே மாடியில், அடுத்த கதவுக்காரர்களை நண்பர் என்றவர்கள் 41 சதவீதம், தாழ்வாரத்தின் மறுகோடியில் இருந்தவர்களைச் சொன்னவர்கள் 10 சதவீதம். நானூறு பேரைத் தேடிப் போனீர்கள். நாலடி தூரத்தில் இருந்தவர் தானாக வந்து கதவைத் தட்டியிருக்கிறார்.

சாவி விஷயத்தில் உங்கள் தயக்கம் புரிகிறது. உறையில் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்திட்டுக் கொடுங்கள். அவருடைய எண்ணை மகனிடமும், மகன் எண்ணை அவரிடமும் கொடுத்து வையுங்கள். அப்புறம், இரவில் உள்தாழ்ப்பாள் போடாதீர்கள், போட்டால் வெளியே இருக்கும் சாவி எதற்கும் ஆகாது.

வீடு மாறுவதைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். புது இடத்துக்கும் இதே டைரியோடுதான் போவீர்கள்.

இன்னொன்று. தலை ஏன் சுற்றியது என்று மருத்துவரிடம் காட்டினீர்களா? மகனிடம் சொன்னீர்களா? கடிதத்தில் இரண்டும் இல்லை. இந்த வயதில் விழுந்த இடத்திலேயே மணிக்கணக்கில் கிடந்தால், அடி படாவிட்டாலும் தசைக்கும் சிறுநீரகத்துக்கும் ஆபத்து. நாளைக்கே மருத்துவரைப் பாருங்கள். எதிர் ஃபிளாட்டில் மணியடித்து, "கூட வர முடியுமா?" என்று கேளுங்கள்.