மரபணு மாற்றிய பசுவின் பால் தாய்ப்பாலுக்கு ஈடாகுமா?

மரபணு மாற்றிய பசு என்றால், பிறக்கும் முன்பே வேறொரு உயிரின் மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய பசு. குழந்தைப் பாலுக்காகச் செய்யும்போது சேர்ப்பது மனித மரபணு.

ஏன் இந்த மெனக்கெடல்? தாய்ப்பாலில் லைசோசைம், லாக்டோஃபெரின் என்று கிருமியைத் தடுக்கும் புரதங்கள் நிறைய இருக்கு, பசும்பாலில் ரொம்பக் குறைவு. மரபணு என்பது ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு, அது மடியில் மட்டும் வேலை செய்யும்படி அமைத்துவிட்டால் பசு வழக்கம்போல புல்லைத் தின்று அந்தப் புரதத்தையும் பாலோடு சுரக்கும். 1990இல் நெதர்லாந்தில் ஹெர்மன் என்ற காளை லாக்டோஃபெரின் மரபணுவோடு பிறந்தது. பால் தர வேண்டியது அதன் பெண் கன்றுகள். 2011இல் சீன ஆய்வாளர்கள் மனித லைசோசைம் சுரக்கும் பசுக்களைப் பற்றி அறிவித்தார்கள்.

சரி, அதனால் அது தாய்ப்பால் ஆகிவிடுமா? ஆகாது. தோவாளையில் கட்டுகிற பிச்சிப்பூ மாலையில் நடுவே ரெண்டு ரோஜாவைச் சேர்த்தாலும் அது பிச்சி மாலைதான். தாய்ப்பாலில் நூற்றுக்கும் மேற்பட்ட தனி வகைச் சர்க்கரைகள் உண்டு, உயிருள்ள செல்கள் உண்டு; அம்மாவுக்குச் சளி பிடித்தால் அந்தக் கிருமிக்கு எதிரான பொருளும் பாலில் வரும், அந்த வீட்டுக் கிருமியை எந்தப் பசுவுக்குத் தெரியும்? இதை நான் ரொம்பப் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

அப்புறம், சினை ஊசியில் பிறந்த ஜெர்சி கலப்பினப் பசுவையும் மரபணு மாற்றியது என்று நினைப்பவர்கள் உண்டு; அது இரண்டு மாட்டினங்களைக் கலந்தது மட்டுமே, அதில் மனித மரபணு எதையும் யாரும் சேர்க்கவில்லை.